வனமயிலின் முதுகு

அரசலூரில் வனமயில் என்கிற மரப்பொம்மை முதன்முதலாகச் சிரித்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கூட்டுறவு வங்கிக்கு எதிர்மைதானத்தில், டெங்கு ஒழிப்பு நிகழ்ச்சியில், வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்லும் பாட்டின் இரண்டாவது அடியில். அங்கே கூடியிருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அவளை ஆட்டிக்கொண்டிருந்த பக்கிரிசாமி ஒருவன்தான் பார்க்கவில்லை.

அவனால் பார்க்க முடியாது. கயிற்றுப் பொம்மை ஆட்டுகிறவன் நிற்கிற இடம் அப்படி. மேடையின் மேல்பாதியில் ஒரு கறுப்புத் துணி தொங்கும். அது அவன் முகத்தையும் மார்பையும் மறைக்கும். கீழ்ப்பாதியில் இடுப்பளவுக்கு ஒரு படுதா. அது அவன் கால்களை மறைக்கும். இரண்டு துணிக்கும் நடுவிலுள்ள வெளிச்சத்தில், படுதாவுக்கு முன்னால், பொம்மை ஊரைப் பார்த்து நிற்கும். அவன் தலையில் துணி சுற்றிய இரும்பு வளையம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்த வளையத்திலிருந்து இறங்கும் கயிறுகளில் பொம்மையின் முழுக் கனமும் தொங்கும். இரண்டு கையிலும் இரண்டு கம்பி, அவை பொம்மையின் கைகளை ஆட்டும். அவன் காலில் கட்டிய சலங்கை பொம்மை ஆடுகிற சத்தத்தைக் கொடுக்கும். குனிந்து பார்த்தால் அவனுக்குத் தெரிவது அவளுடைய உச்சி வகிடும், கொண்டையும், கொண்டைக்குக் கீழே வெறும் முதுகும். அந்த முதுகில் சாயம் கிடையாது. அவர்கள் குழுவில் பொம்மையின் முன்பக்கத்துக்குத்தான் வர்ணம், முன்பக்கத்துக்குத்தான் பட்டு, முன்பக்கத்துக்குத்தான் நகை. பின்னால் உளி பட்ட தடம் உளி பட்டபடியே இருக்கும், ரவிக்கையும் சேலையும் நாலு நாடாவில் முடிச்சுப் போட்டு நிற்கும். யாரும் பார்க்காத இடத்துக்கு எதற்கு அலங்காரம் என்று விட்டுவிட்டார்கள். அதனாலேயே, பொம்மை ஒருநாளும் ஊருக்கு முதுகு காட்டக்கூடாது என்று ஒரு முறையும் வைத்துக்கொண்டார்கள்.

ஆக, ஊருக்கு முகம் கிடைத்தது. அவனுக்குக் கனம் கிடைத்தது.

அன்றைக்குக் கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்ற பக்கிரிசாமி ஒரு சத்தத்தை மட்டும் கேட்டான். கூட்டம் முழுவதும் சேர்ந்து ஒரே மூச்சை உள்ளே இழுத்து, அதைக் கொஞ்சம் வைத்திருந்து, விட மனமில்லாமல் விட்ட சத்தம். அவன் நடிகனும்கூட, கூட்டம் போடுகிற சத்தமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கைதட்டலில் பழக்கத்துக்குத் தட்டுவது எது, மனசாரத் தட்டுவது எது என்று பிரித்துவிடுவான். கனைப்பை வைத்து நாற்காலி கடிக்கிறதா வசனம் கடிக்கிறதா என்று சொல்லிவிடுவான். இந்தச் சத்தத்தை மட்டும் அவன் கேட்டதில்லை. ஆனால் கேட்ட உடனே தெரிந்துவிட்டது, முகத்தில் அரிதாரம் பூச ஆரம்பித்த நாளிலிருந்து தான் காத்திருந்தது இந்தச் சத்தத்துக்குத்தான் என்று.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆர்மோனியக்காரன் அருளப்பன் உள்ளே வந்தான்.

“அண்ணே, அவ சிரிச்சா.”

“எவடா?”

“வனமயிலு.”

“போடா. வெயில்ல உட்காந்து உனக்குத் தலை சுத்திருக்கும்.”

“எனக்கு மட்டும்னா சரி. ஊருக்கேவா சுத்தும்?”

பக்கிரிசாமி அவளை வளையத்திலிருந்து அவிழ்த்து, கையில் வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கல்யாண முருங்கை மரம். அகல விழித்த கண், மூடிய உதடு, சிரிப்பும் இல்லை சிணுங்கலும் இல்லை. வர்ணக்காரர் எப்படி எழுதினாரோ அப்படியே இருந்தாள்.

அவன் வாழ்க்கையில் ஒரு பொம்மை சிரித்ததா என்று உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடையாது. காலையில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் கை கழுவுவதைப் பற்றிப் பொம்மையாட்டம். மத்தியானம் அரசலூர் நாடக மன்றத்தில் ஒத்திகை. சாயங்காலம் ஒரு கோயிலிலோ கல்யாண மண்டபத்திலோ ராஜா வேஷமோ பொம்மையோ, சில நாள் இரண்டுமே. பொம்மைப் பெட்டி பஸ்ஸின் மேலே போகும், வேஷப் பெட்டி மடியில் இருக்கும், ஓடுகிற பஸ்ஸிலேயே மீசை ஒட்டுவான். ஒரு தடவை அந்த மீசையோடு மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறான், டீச்சரும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நின்றிருக்கிறார். இவ்வளவு ஓட்டத்திலும் ஒரு காரியத்தை அவன் விட்டதில்லை. காலையில் குளித்ததும் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று கோபம், பயம், வெட்கம், ஏக்கம் என்று ஒவ்வொன்றாக வரவழைத்து, பிடித்து வைத்து, சரிபார்த்து, அனுப்பிவிட்டுத்தான் சட்டையை மாட்டுவான். நடிப்பில் அவனுக்கு முகம்தான் சொத்து.

அந்த முகத்துக்குக் கிடைக்காதது ஒரு கட்டைக்குக் கிடைத்துவிட்டது.

இரண்டாவது தடவை அவள் புருவம் சுருக்கினாள். மூன்றாவது தடவை ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டவள்போலக் கீழ் உதட்டை மடித்துக்கொண்டாளாம். பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அது நடந்தது, ஊரும் அதற்குப் பழகிக்கொண்டது, அரசலூர் பஸ் நிலையத்தில் கடிகாரம் நிற்பதற்கும் மின்சாரம் போவதற்கும் பழகிக்கொண்டதுபோலவே. யாரும் தேங்காய் உடைக்கவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். வனமயில் தன்னைப் பார்த்து முகம் சுளித்தாள் என்று பால்காரர் ஒருவர் இரண்டு வாரம் ஆட்டத்துக்கே வரவில்லை. அந்த இரண்டு வாரத்தில் தெருவில் பால் கெட்டியாக இருந்தது. சாப்பிட மறுக்கிற பிள்ளைகளைத் தாய்மார்கள் தூக்கி வந்து அவள் முன்னால் உட்காரவைத்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைத் தரகர் முதலில் பொம்மையாட்டத்துக்கு அழைத்துப்போய், மாப்பிள்ளையை அவள் எப்படிப் பார்க்கிறாள் என்று கவனித்துவிட்டு, அப்புறம்தான் பெண் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கல்யாணப் பத்திரிகைகள் அவள் பேருக்கே வந்தன, ‘வனமயில் அவர்கள் குடும்பத்துடன்’ என்று. குடும்பம் என்பது தானும் தன் மனைவியும் மகளும்தான் என்று புரிந்துகொள்ள பக்கிரிசாமிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் கேமரா வைத்துப் படம் பிடித்தார்கள். படத்தில் மரம்தான் இருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், கேமராவை மடித்துப் பையில் வைத்தார்கள், தரையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதில் பக்கிரிசாமியை அதிகம் சுட்டது ஊரின் மரியாதை. டீக்கடையில் நேற்றைய முகத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவன் சைக்கிளை நிறுத்துவதைக் கண்டதும் பேச்சை மழைக்கும் நெல்லுக்கும் மாற்றிவிடுவார்கள். பட்டினி கிடக்கிறவன் எதிரில் இலை போட்டுச் சாப்பிடக் கூச்சப்படுவதுபோல.

“சொல்லுங்கய்யா, நேத்து என்ன பண்ணினா?” என்று அவனே கேட்பான்.

“அது என்னண்ணே, சும்மா… லேசா.”

“லேசான்னா?”

“அதை எப்படிண்ணே சொல்றது.”

ஒவ்வொருவரும் இதே வார்த்தையில் வந்து நின்றார்கள். வற்புறுத்தினால் ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவில்லை. ஊருக்குப் போன மகனை நினைத்துக்கொள்கிறவள் மாதிரி இருந்தாள் என்றார் ஒருவர். திருடித் தின்றவள் மாதிரி என்றார் இன்னொருவர்.

வீட்டிலும் அதே கதைதான். அவன் மனைவி வேம்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தாள்; வனமயிலின் ரவிக்கையும் சேலையும் அவள் தைத்ததுதான், முதுகு நாடாக்களும் அவள் போட்டதுதான். மிஷினை மிதித்துக்கொண்டே முதலில் பொறுமையாகச் சொன்னாள். பத்துத் தடவை கேட்டபிறகு மிதிப்பதை நிறுத்தினாள்.

“கண்ணு எப்படி வச்சிருந்தா? தாழ்த்தியா, நிமிர்த்தியா?”

“எத்தனை தரம் சொல்றது? தாழ்த்தி.”

“யாரைப் பார்த்து?”

“எனக்கென்ன தெரியும். ஏங்க, நானும் ஒருத்தி முகத்தை வச்சுக்கிட்டு இங்கதான் உட்காந்திருக்கேன். என் கண்ணு தாழ்ந்திருக்கா நிமிர்ந்திருக்கான்னு ஒருநாள் கேட்டிருக்கீங்களா?”

“நீயும் அவளும் ஒண்ணா?”

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக. ஊசி ஒடிந்தது. வேறு ஊசி மாட்டினாள்.

பார்ப்பதற்கு என்னென்ன வழி உண்டோ அத்தனையும் அவன் செய்து பார்த்தான். முடிதிருத்தும் கடையிலிருந்து ஆளுயரக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, கூட்டத்துக்குப் பின்னால் மேடையைப் பார்த்து நிறுத்தி, கறுப்புத் துணிக்கு அடியில் கழுத்தை முறித்துக் குனிந்து பார்த்தான். கண்ணாடியில் தெரிந்த அத்தனை பிடரிகளும் ஒன்றாக மூச்சை இழுத்தன, நடுவில் தெரிந்த முகம் மட்டும் மரமாகவே இருந்தது. பக்கத்து ஊர் சிங்காரவேலுவை வரவழைத்து ஆட்டச் சொன்னான். சிங்காரவேலு கெட்டிக்காரர், பொம்மையைப் பூத்தொடுக்க வைப்பார், முறத்தில் புடைக்க வைப்பார். அன்றைக்குப் பக்கிரிசாமி தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, இஸ்திரி போட்ட சட்டையுடன் முன்வரிசை நடுநாற்காலியில், பெண் பார்க்க வந்தவன்போல உட்கார்ந்திருந்தான். வனமயில் ஆடினாள், பூத்தொடுத்தாள், புடைத்தாள். முகம் அசையவில்லை. ஊர், மரியாதைக்காகக் கடைசிவரை இருந்துவிட்டு, போகும்போது அவன் தோளைத் தட்டி, “நாளைக்கு நீங்களே நில்லுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

அன்றைக்கு அவனுக்கு வந்த சந்தோஷத்தை அவனால் மறைக்க முடியவில்லை. இன்னொருத்தன் கையில் அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சந்தோஷத்தை வாயில் மிட்டாய்போலப் புரட்டிக்கொண்டே வந்தான். வீட்டு வாசல் வந்தபோது மிட்டாய் கரைந்து உள்ளே இருந்த கசப்பு நாக்கில் பட்டது. அவன் கையில் மட்டும்தான் அவள் சிரிப்பாள் என்றால், உலகத்தில் அவன் ஒருவன் மட்டும் அதைப் பார்க்கவே போவதில்லை.

அதற்குப் பிறகு அவன் காரியங்கள் கோணலாகப் போயின. அருளப்பன் ஆர்மோனியத்துடன் மேடையின் இடது ஓரத்தில், முன்பக்கம் உட்காருகிறவன். வனமயிலின் முகம் அவனுக்கு ஒரு கை தூரத்தில் இருக்கும். பாட்டு எடுப்பதற்கு முன்னால் அவள் அந்தப் பக்கம் கண்ணை ஓட்டுகிறாள் என்று யாரோ சொன்னது பக்கிரிசாமி காதில் விழுந்துவிட்டது.

“அருளு, நாளையிலேருந்து வலது பக்கம் உட்காரு.”

“எதுக்குண்ணே? ஸ்பீக்கர் இந்தப் பக்கம்ல இருக்கு.”

“சொன்னதைச் செய்.”

மறுநாள் டீக்கடையில் பேச்சு நிற்பதற்குள் அவன் கேட்டுவிட்டான்: வனமயில் கழுத்தைத் திருப்பி வலது பக்கம் பார்த்தாளாம். பக்கிரிசாமி வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து அவள் கழுத்தைப் பிடித்து முறுக்கிப் பார்த்தான். தலையிலிருந்து இடுப்புவரை ஒரே மரம். கழுத்தில் மூட்டே கிடையாது. அருளப்பனைப் பின்பக்கம், தனக்கு அருகில், படுதாவுக்கு உள்ளே உட்காரவைத்தான். ஆர்மோனியம் வெளியே கேட்கவில்லை, பாட்டு அந்தரத்தில் நின்றது, ஊர் முணுமுணுத்தது. மறுநாள் அவனைப் பழைய இடத்துக்கே அனுப்பவேண்டியதாயிற்று.

“அண்ணே, தெரியாமத்தான் கேக்கறேன். என்மேல என்ன கோவம்?”

“உன்மேல என்னடா கோவம். நீ பாட்டுக்கு ஜாலியா இரு. ஒரு கை தூரத்துல.”

அருளப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான், முடியவில்லை. “பொம்மைண்ணே அது” என்றான். அதற்குப் பிறகு ஒரு மாதம் பக்கிரிசாமி அவனோடு பேசவில்லை. சுருதி எது என்பதைக்கூட விரலால் காட்டினான்.

ஒருநாள் மத்தியானம் ஒத்திகைக்குப் போகாமல் தூரிகையை எடுத்து வனமயிலின் உதட்டோரங்களைக் கீழே இறக்கி எழுதினான், அழுமூஞ்சிபோல. அன்று சாயங்காலம் மூச்சிழுப்பு இன்னும் நீளமாக வந்தது. “கோவிச்சுக்கிட்டே சிரிச்சா” என்று அவன் கேட்காமலே வேம்பு சொன்னாள். “அது அழகு.” அதே வாரம் நாடக மன்றத்தில் அவன் நாடு இழந்த ராஜாவாக நின்று, பீரோக் கண்ணாடியில் பழகிய ஏக்கத்தை ஒன்றுவிடாமல் முகத்தில் இறக்கி அழுதபோது, மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் அன்பாகவே கேட்டது: “அண்ணே, வனமயிலைக் கூட்டிட்டு வரலையா?”

அவன் நாடு இழந்த ராஜாவின் வசனத்தை முடித்தான். கிரீடத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தான். ஒரு முடிவுக்கு வந்தான்.

நகராட்சிப் பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. வேப்பமரத்து நிழலில் மேடை. பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் நாற்காலியில், பால்காரர்கூட வந்திருந்தார். அன்றைய ஆட்டம் ஓடக்காரன் பெண்டாட்டியின் கதை. வெள்ளம் போகிற ஆற்றங்கரையில் அவள் நின்று, வருகிற ஒவ்வொரு ஓடத்திலும் தன் புருஷன் இருக்கிறானா என்று பார்ப்பாள். எல்லா ஓடமும் வரும், எல்லாரும் இறங்குவார்கள், அவன் மட்டும் வரமாட்டான். கதைப்படி கூட்டம்தான் ஆறு. அவள் ஆற்றைப் பார்த்து நிற்பாள், ஊர் அவளைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

கடைசிப் பாட்டு. அருளப்பன் எடுத்துக் கொடுத்தான், பக்கிரிசாமி அவளுடைய குரலில் பாடினான், கால் மாற்றிச் சலங்கையை மெதுவாக அடித்தான். கூட்டம் மூச்சை இழுக்கப்போகிறது என்று அவனுக்கு முதுகுத்தண்டில் தெரிந்தது. அந்த நொடியில் அவன் வலது கைக் கம்பியை விட்டுவிட்டான். வனமயிலின் வலது கை செத்ததுபோலத் தொங்கியது. பிள்ளைகள் கத்தின. காலியான கையால் கறுப்புத் துணியைப் பிடித்து இழுத்தான். கிளிப்புகள் தெறித்தன, துணி அவன் தோளில் விழுந்து, தோளிலிருந்து தரையில் விழுந்தது. இடது கைக் கம்பியையும் விட்டான். இரண்டு கையாலும் அவள் இடுப்பைப் பிடித்து, படுதாவுக்கு மேலே தூக்கி, கயிறுகள் முறுக்கிக்கொள்ள, அவளைத் தன் பக்கம் திருப்பினான்.

அரசலூர் முதன்முதலாக வனமயிலின் முதுகைப் பார்த்தது. சாயமில்லாத மரம், உளித்தடம், ஒரு பெரிய கணு, கோணல்மாணலாக நாலு நாடா முடிச்சு. தன் முடிச்சுகளை ஊரே பார்ப்பதைப் பார்த்து வேம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கிரிசாமி அவளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

“பாரு” என்றான். அது பாட்டில் இல்லாத வார்த்தை. அவளுடைய குரலில் அல்ல, தன் குரலில் சொன்னான். “என்னைப் பாரு. ஊருக்கெல்லாம் காட்டினேல்ல? பால்காரருக்குக் காட்டினே. அருளுவுக்குக் காட்டினே. உன்னைச் சுமந்து சுமந்து என் பிடரி காய்ச்சுப்போச்சு. ஒரே ஒரு தடவை எனக்குக் காட்டு.”

கல்யாண முருங்கை மரம். மூக்கோரத்தில் சாயம் உரிந்திருந்தது. அவன் இறக்கி எழுதிய உதட்டோரத்தில் பழைய சிவப்பும் புதுச் சிவப்பும் ஒட்டாமல் நின்றன. கண்கள் அகல விழித்து எங்கேயும் பார்க்கவில்லை. அவன் காத்திருந்தான். நிறைய நேரம் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. கூட்டம் முழுவதும் ஒரே மூச்சை உள்ளே இழுத்து, அதை வைத்துக்கொண்டது. இத்தனை நாளில் இவ்வளவு நேரம் வைத்துக்கொண்டதில்லை. ஆர்மோனியத்தின் துருத்தி திறந்தபடியே நின்றது. அவர்களுக்கு அவள் முகம் தெரியாதே, முதுகுதானே தெரியும் என்று பக்கிரிசாமி அவள் கொண்டைக்கு மேலாகக் கண்ணைத் தூக்கிப் பார்த்தான்.

ஊர் பொம்மையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் பார்த்ததும், விட மனமில்லாமல் மூச்சை விட்டார்கள்.

அன்றைக்கு மங்களம் யார் பாடினார்கள் என்று அவனுக்கு நினைவில்லை. பெட்டியைக் கட்டும்போது அருளப்பனிடம், ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தையாக, “ஏண்டா, என்ன இருந்துச்சு என் மூஞ்சியில?” என்று கேட்டான்.

அருளப்பன் தலையைச் சொறிந்தான். “அதை எப்படிண்ணே சொல்றது” என்றான்.

வீட்டுக்குப் போனதும் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று தேடினான். கோபம் வந்தது, பயம் வந்தது, வெட்கம் வந்தது, ஏக்கம் வந்தது, எல்லாம் பழகினது. அது வரவில்லை.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. மறுநாளே டீக்கடையில் பேச்சு கேட்டது, அவனைக் கண்டதும் நின்றது. நாடக மன்றத்துச் செயலாளர், இனிமேல் அவன் ராஜா வேஷம் கட்டும்போதெல்லாம் எதிரே அந்தப் பொம்மையையும் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தால் என்ன என்று கேட்டார். பொம்மையாட்டத்துக்கு ஏற்பாடு செய்ய வந்தவர்கள், “மேல்துணி வேண்டாம்ணே, காத்தோட்டமா இருக்கட்டும்” என்றார்கள். பஸ் நிலையத்துப் பூக்காரம்மா, கண்டக்டர் பெண்டாட்டி, மாப்பிள்ளை தேடுகிற வீட்டுப் பெண்கள் எல்லாரும் அடுத்த ஆட்டத்துக்கு இடம் பிடிக்கத் துண்டு போட்டார்கள்.

வேம்புதான் பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. மூன்றாவது நாள் காலையில் அவன் தானாகவே போய் மிஷினுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

“உனக்கு என்ன?”

“எனக்கென்ன. ஒண்ணுமில்லை.”

“முடிச்சை ஊர் பார்த்துருச்சுன்னு வருத்தமா?”

“முடிச்சு கிடக்குது.” அவள் மிஷினிலிருந்து கையை எடுத்தாள். “கல்யாணத்தன்னைக்கு நீங்க என்னைப் பார்த்தீங்க. புள்ளை பொறந்தன்னைக்குப் பார்த்தீங்க. நான் காய்ச்சல்ல கெடந்தப்ப ராப்பகலாப் பார்த்தீங்க. எல்லாம் நல்லாத்தான் பார்த்தீங்க, நான் குறை சொல்லலை. ஆனா அந்த முகத்தை ஒருநாளும் எனக்குக் காட்டலை. ஒரு கட்டைக்குக் காட்டுறீங்க. அதுவும் ஊரே பாக்க. பூக்காரி பாக்க.”

இது தனக்குத் தெரிந்த வசனம் என்று அவனுக்குத் தோன்றியது. எட்டு மாதமாகத் தான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மனசுக்குள் சொன்னது. ஒரு வார்த்தை மாறவில்லை.

அன்று சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் ஆட்டம். மேல்துணி இருக்காது என்று நம்பி வந்த ஊர், மேடையில் ஏணி போட்டு வேம்பு நிற்பதைப் பார்த்தது. இரட்டைத் துணி வைத்து ஓரம் மடித்துத் தைத்த புதுக் கறுப்புத்துணி. அதைக் கிளிப்புக்கு விடாமல் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினாள், இந்தத் தடவை முடிச்சுகள் நேராக இருந்தன. பிறகு கடையிலிருந்து கொண்டுவந்த முக்காலியைப் படுதாவுக்கு உள்ளே, பக்கிரிசாமிக்கு ஒரு கை தூரத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“இங்க எதுக்கு? முன்னால போய்ப் பாரு.”

“முன்னால என்ன இருக்கு. நீங்க ஆட்டுங்க.”

அவன் வளையத்தைத் தலையில் வைத்தான், வனமயிலை இறக்கினான், ஓடக்காரன் பெண்டாட்டியின் கதையை ஆரம்பித்தான். வேம்பு மடியில் கையை வைத்துக்கொண்டு அவனையே அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். முதலில் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு, பாடிக்கொண்டே, அவள் கண் தாழ்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்தான். நிமிர்ந்திருந்தது. இடது கண்ணோரத்தில், ஊசிக்கு நூல் கோக்கும்போது சுருங்குகிற இடத்தில், இரண்டு கோடு இருந்தது. அது எப்போது வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஓடங்கள் வந்தன, ஆட்கள் இறங்கினார்கள். அவள் உதடு அவனோடு சேர்ந்து பாட்டை முணுமுணுத்தது. முழுப்பாட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“கழுத்து வலிக்குதா?” என்று ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் நடுவில் கேட்டாள்.

“இல்லை” என்றான். உண்மையிலேயே அன்றைக்குக் கனம் தெரியவில்லை.

வெளியே மூச்சிழுக்கும் சத்தம் வந்ததா என்று அவன் கவனிக்கவில்லை. மங்களம் பாடி முடித்து, சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது அருளப்பன் துணியை விலக்கித் தலையை நீட்டினான்.

“என்னண்ணே இது, ஊரே கோவத்துல கிளம்பிப் போகுது. ஒருத்தருக்கும் முகம் தெரியலை.”

“ஏன், மரமாவே இருந்தாளா?”

“மரமா இருந்தாத் தேவலையே. ஆரம்பிச்சதுலேருந்து முடிக்கிறவரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பின்னாலயே பார்த்துக்கிட்டிருந்தா. நாங்க கொண்டையைத்தான் பார்த்தோம்.” அவன் பக்கிரிசாமியை நம்பாமல் பார்த்தான். “உங்களைத்தாண்ணே பார்த்தா. அவ்வளவு நேரம். நீங்க பாக்கவே இல்லையா?”

பக்கிரிசாமி கீழே குனிந்தான். வனமயில் பெட்டிக்குள் மல்லாந்து கிடந்தாள், அகல விழித்த கண், மூடிய உதடு.

வேம்பு முக்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, பெட்டியின் மூடியை அவளே சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.

“நாளைக்கு அவளுக்கு ஒரு கழுத்துப்பட்டை தைக்கணும்” என்றாள். “இறுக்கமா.”